வார்டில் நின்ற குடி தெருமுனையில் ஏன் திரும்புகிறது? – ஆய்வுகளும் நம்ம ஏரியாவும்

கல்மண்டபம் நர்ஸ் | செவ்வாய், இரவு 9.40

மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போதைப் பழக்கத்துக்காகச் சேர்க்கப்படுகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வீட்டுக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உள்ளே இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தான் சிஸ்டர்? வெளியே வந்த அன்னிக்கே எப்படிக் குடிச்சான்?" கேட்கும்போதே பதிலும் அவர்களிடம் தயாராக இருக்கும். வைத்தியம் சரியில்லை, இல்லாவிட்டால் இவன் திருந்தாத ஜென்மம். இந்த இரண்டு பதிலாலும் பல குடும்பங்கள் வைத்தியத்தையே கைவிட்டுவிடுகின்றன. அதனால்தான் இந்த இழை.

வார்டில் நாங்கள் செய்வது உடம்பைக் குடியிலிருந்து பத்திரமாகப் பிரிப்பது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை அடங்க மாத்திரை, வலிப்பு வராமல் கண்காணிப்பு, தயமின் (வைட்டமின் பி1) ஊசி. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு தெளிந்துவிடும். குடிக்கத் தோன்றுகிற இழுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. அது இடத்தோடும் நேரத்தோடும் கூட்டாளிகளோடும் சேர்ந்து மனதில் பதிந்திருக்கிறது.

இதற்கு வலுவான ஆதாரம் வியட்நாம் போரிலிருந்து கிடைத்தது. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஹெராயின், அபின் வகைகளைத் தொட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகவே ஆகியிருந்தார். 1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார், சிறுநீரையும் சோதித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊருக்கு வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று வருடக் கணக்கிலும் 12 சதவீதம்தான். ஹெராயினைத் தொட்டவன் மீளவே மாட்டான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் வந்த முடிவு இது. காடு, சாவு பயம், மலிவான சரக்கு, கூடாரத்து நண்பர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன என்பது இதற்கு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது.

நம் ஆட்கள் கதை இதற்கு நேர்மாறு. பழகியது இங்கே, நிறுத்தியது மட்டும் வேறு இடத்தில். எலிகளை வைத்தும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கூண்டில் கட்டையை அழுத்தினால் போதை மருந்து வரும் என்று பழக்குவார்கள். அப்புறம் வாசனையும் தரையும் வேறாக உள்ள இன்னொரு கூண்டில், எவ்வளவு அழுத்தினாலும் மருந்து வராது. எலி சில நாளில் அழுத்துவதை விட்டுவிடும். பழைய கூண்டுக்குத் திரும்பியதும், அங்கே மருந்தே இல்லாவிட்டாலும், மறுபடி அழுத்த ஆரம்பிக்கும். டிஸ்சார்ஜ் ஆனவர் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். பகல் 12 மணி, டாஸ்மாக் ஷட்டர் மேலே போகிற சத்தம். வாசலில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், சுண்டல் வண்டி, "எப்பமா வந்தே?" என்று தோளில் கை போடும் கூட்டாளி. அவர் மனதுக்கு இதுதான் பழைய கூண்டு.

மறுபடி தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்குகிறார்கள் என்று 1971லேயே ஆய்வு வந்துவிட்டது. அந்த மூன்று மாதம் யார் பொறுப்பு? நம் பக்கத்தில் பெரும்பாலும் மனைவியும் அம்மாவும்தான் சுமக்கிறார்கள். என் ஆதங்கம் இதுதான். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லாஞ்ச் டிரைவர் | செவ்வாய், இரவு 10.15

சிஸ்டர், எங்க தொழிலில் இதைக் கண்ணால் பார்க்கிறோம். காசிமேட்டிலிருந்து ஒரு ட்ரிப் போனால் பத்து நாள் கூட ஆகும். நல்லாக் குடிக்கிற பையனும் கடலில் வலை இழுக்கிறான், மீன் பிரிக்கிறான், ஐஸ் அடிக்கிறான், சாப்பிட்டுத் தூங்குகிறான். நினைப்பே வரலை என்பான். லாஞ்ச் துறைமுகத்துக்குள்ளே நுழைந்து, ஏலம் கூவுகிற சத்தம் காதில் விழுந்ததும் ஆளே வேறு. பங்கு காசு கைக்கு வந்த பிறகு அவனை வீட்டுப் பக்கம் திருப்பவே முடியாது.

ஒரு சந்தேகம். எங்க கூட வந்த ஒரு அண்ணனுக்கு இரண்டாம் நாள் கை நடுங்கி உடம்பெல்லாம் வேர்த்தது. மூன்றாம் நாள் ராத்திரி, தண்ணியில் நின்று யாரோ கூப்பிடுகிறார்கள் என்று குதிக்கப் போனார். நாலு பேர் பிடித்து உட்கார வைத்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தோம். கடலில் ஏதோ அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். அதுவும் குடியால் வந்ததா?

மனநல மாணவன் | செவ்வாய், இரவு 10.50

அண்ணா, நான் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். நீங்கள் சொன்னது குடியை நிறுத்தியதால் வந்த மூளைக் குழப்பம். தினமும் அதிகம் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இந்த மாதிரி உருவம் தெரிவது, குரல் கேட்பது, நேரம் இடம் தெரியாமல் போவது நடக்கும்.

குடி மூளையின் வேகத்தை அடக்கி வைக்கிறது. தினமும் அடக்கினால் மூளை அதை எதிர்த்து எப்போதும் முடுக்கத்திலேயே இருக்கப் பழகிக்கொள்கிறது. அடக்குகிற சரக்கு ஒரே நாளில் இல்லாமல் போனால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும் ஆபத்து இதில் உண்டு. அதனால் நடுக்கமும் வியர்வையும் வருகிற அளவுக்குக் குடிப்பவர்களை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். கடலுக்குப் போய் நிறுத்துவதும் அதே ஆபத்துதான். ஆஸ்பத்திரியில் டயசிபாம், லோரசிபாம் மாதிரி மாத்திரைகளைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து இதைச் சுலபமாகத் தாண்ட வைக்கலாம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் "டல்லா இருக்கான், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் சத்து அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தயமின் ஊசி போட்டாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பெரம்பூர் லோகோ | புதன், காலை 6.20

படித்தவர்கள் பேசுகிறீர்கள், நல்லது. ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். என் அப்பா நாற்பது வயது வரை தினமும் குடித்தார். அக்காவைப் பெண் பார்க்க வந்த வீட்டார் காதுபட ஏதோ சொன்னதும் அன்றோடு நிறுத்தினார். சாகும் வரை தொடவில்லை. மாத்திரையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மூளை நோய், கூண்டு, எலி என்று சொல்லிக் கொடுத்தால் குடிக்கிறவனுக்கு அது ஒரு சாக்காகிவிடும். வைராக்கியம் வேண்டும். அதை ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

மனநல மாணவன் | புதன், காலை 8.05

ஐயா, உங்கள் கேள்வியை எங்கள் துறையிலேயே சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். 1997ல் ஆலன் லெஷ்னர் என்பவர் போதை அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று சயன்ஸ் இதழில் எழுதினார். அப்போது அவர் அமெரிக்க அரசின் போதை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவர். அதற்கு எதிராக எழுதியவர்களும் நிறைய. சிகிச்சையே எடுக்காமல் தானாக விட்டவர்கள் ஏராளம் என்பதை மக்கள்தொகை அளவில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பா அப்படிப்பட்டவர். அவர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது.

அதே நேரம், வைராக்கியம் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதையும் ஆய்வு காட்டுகிறது. 1954ல் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலி மூளையின் ஒரு பகுதியில் மெல்லிய கம்பியை வைத்து, கட்டையை அழுத்தினால் அங்கே சிறு மின்சாரம் பாய்கிற மாதிரி செய்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. அன்றிலிருந்து அந்தப் பகுதியை இன்பத்தின் இருப்பிடம் என்றே நினைத்தார்கள். 1993ல் ராபின்சன், பெரிட்ஜ் இருவரும் அதைத் திருத்தினார்கள். பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு; போதைப் பொருள் பழகப் பழக இழுப்பு கூடிக்கொண்டே போகும், பிடிப்பது அதிகமாக வேண்டியதில்லை என்றார்கள். எங்கள் ஓ.பி.யில் உட்கார்ந்தால் இதை நோயாளிகள் வாயாலேயே கேட்கலாம். "குடிக்கப் பிடிக்கவே இல்ல டாக்டர், நாத்தம் குமட்டுது, ஆனா கால் தானா அங்க போவுது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் பக்கம் பேசுகிற ஆய்வும் இருக்கிறது. 1990களில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கொகெய்ன் பழக்கம் உள்ளவர்களுக்கு, சிறுநீர்ச் சோதனையில் மருந்து இல்லை என்று வந்தால் கடையில் பொருள் வாங்க வவுச்சர் கொடுத்தார். தொடர்ந்து சுத்தமாக வந்தால் மதிப்பு கூடும், ஒருமுறை தவறினால் பழையபடி கீழே இறங்கும். வெறும் ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்கள் அதிக நாள் விலகி இருந்தார்கள். அப்படியென்றால் முடிவெடுக்கிற சக்தி அவர்களிடம் செத்துப்போகவில்லை. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பலன் தேவைப்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு மகள் கல்யாணம் அந்தப் பலனாக இருந்தது. வேலையும் இல்லாமல் வீட்டிலும் சேர்க்கப்படாமல் இருக்கிற ஒருவருக்கு எதைக் காட்டி வைராக்கியம் வரவழைப்பது?

பெரம்பூர் லோகோ | புதன், காலை 8.30

பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி தம்பி. வவுச்சர் சமாச்சாரம் புதிதாக இருக்கிறது. குடிக்காமல் இருப்பதற்குக் காசு கொடுப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் வேலை கொடுப்பதை ஏற்பேன்.

கொருக்குப்பேட்டை தையல் | புதன், மதியம் 2.10

நான் இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். மின்கம்பத்திலும் ஸ்டேஷன் சுவரிலும் "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, அந்த நம்பருக்குப் பேசினேன். பொடி தருகிறோம், குழம்பில் கலந்துவிடுங்கள், ஒரு மாசத்தில் குடியை வெறுத்துவிடுவார் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாத்திரைப் பெயர் சொல்லி, மெடிக்கலிலேயே கிடைக்கும், பொடித்துப் போடு என்கிறார். எனக்குக் கை வரவில்லை. போடலாமா?

கல்மண்டபம் நர்ஸ் | புதன், மதியம் 2.35

போடாதீங்கம்மா. இரண்டையும் போடாதீங்க. உங்கள் கை தயங்கினது நல்லதுக்குத்தான்.

அந்த அக்கா சொன்னது டைசல்பிராம் மாத்திரையாக இருக்கும். பொடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது; அதே மாத்திரையை அரைத்ததாகக் கூட இருக்கலாம். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு எதிராக உபயோகத்துக்கு வந்த மருந்து இது. சாராயம் உடம்பில் செரிக்கும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். சாதாரணமாக ஈரல் அதை உடனே மாற்றிவிடும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுக்கிறது. அதனால் குடித்த சில நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் இதன் வேலை இருக்கும்.

தெரிந்து போடுகிறவருக்கு இந்த மருந்து உதவும். குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அந்தப் பயமே காவல். தெரியாமல் போட்டால் பயமும் இல்லை, காவலும் இல்லை. வழக்கம்போல ஒரு குவார்ட்டர் அடிப்பார், ரோட்டில் விழுவார். மாரடைப்பா மாத்திரையா என்று பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. விஷயம் வெளியே வந்தால் உங்கள் கையால் அவர் சாப்பிடவே மாட்டார். இதை நான் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வேறு மாத்திரைகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் குடியின் கிக்கைக் குறைக்கும், அகாம்ப்ரோசேட் விட்டவர்கள் விலகி நிற்கத் துணை செய்யும். ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து டாக்டர் எழுத வேண்டியவை இவை. அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் முதலில் வரலாம். குடிக்கிறவரோடு வாழ்கிறவர்களுக்கும் ஓ.பி.யில் ஆலோசனை உண்டு. 14446 போதைப் பழக்கத்துக்கான இலவச உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர் கை வைத்தால் பெண்கள் உதவி எண் 181க்கு உடனே கூப்பிடுங்கள், அதில் பொறுத்துப் போக எதுவும் இல்லை.

கொருக்குப்பேட்டை தையல் | புதன், மதியம் 2.50

சரி சிஸ்டர். போட மாட்டேன். திங்கள் கிழமை நான் மட்டும் வருகிறேன்.

வியாசை கோல்கீப்பர் | புதன், இரவு 9.10

எல்லோரும் குடியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்க வயசு பசங்களுக்கு இப்போ மாத்திரைதான். டேபென்டடால், வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. தண்ணியில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். கூட கிரவுண்டில் ஆடின பையன் ஒருத்தன், லெஃப்ட் விங், அவ்வளவு வேகமா ஓடுவான். முழங்கை மடிப்பில் சீழ் கட்டி, கை முறம் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனான். போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து முதலில் ஒரு வாரம் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தான். இப்போ விட்டுவிட்டு வந்திருக்கிறான். மறுபடி ஆரம்பித்துவிடுவானோ என்று எங்களுக்குப் பயம். நாங்கள் என்ன பண்ணணும்?

மனநல மாணவன் | புதன், இரவு 10.20

தம்பி, மிக முக்கியமானதை முதலில் சொல்கிறேன். கொஞ்ச நாள் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இடைவெளியில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007ல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் போதை மருந்து அளவு மீறிச் சாகும் ஆபத்து, மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. சிகிச்சை மையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அந்த நாட்கள் ஆபத்தானவையே.

இடத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1982ல் ஷெப்பர்ட் சீகல் என்ற ஆய்வாளர் ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார். வழக்கமான அறையில் வாங்கிய எலிகளில் 32 சதவீதம் செத்தன. அதே அளவைப் புது அறையில் வாங்கியவற்றில் 64 சதவீதம். பழகிய இடத்தைப் பார்த்ததும் உடம்பு முன்கூட்டியே தடுப்புக்குத் தயாராகிறது, புது இடத்தில் அந்தத் தயாரிப்பு நடப்பதில்லை என்று அவர் விளக்கினார். உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி இழுத்து, எழுப்பினாலும் எழவில்லை என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். நலோக்சோன் என்ற முறிவு ஊசி அவசரப் பிரிவில் இருக்கும், என்ன எடுத்தான் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சென்னைக்கு இந்த விஷயம் புதிதில்லை. 2005-06லேயே இங்கே ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை கிருமிகளுக்காகப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு நடந்திருக்கிறது. அதனால் அவனை ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி இப்போது மாத்திரையிலேயே குணமாகிறது.

மறுபடி இழுப்பு வந்தால் புப்ரநார்ஃபின் என்ற மருந்தை நாக்கின் அடியில் வைத்து எடுக்கும் சிகிச்சை உண்டு. அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கொடுக்கும் மையங்கள் இருக்கின்றன. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சிலர் சொல்வார்கள். தினமும் அளவோடு, டாக்டர் கண் முன்னால் எடுக்கிற மருந்து ஊசியையும் சாவையும் குறைக்கிறது என்பதற்கு நிறைய நாடுகளிலிருந்து ஆதாரம் வந்துவிட்டது.

போலீஸ் பயத்துக்கு: 1985 போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகம், குறைந்த அளவு தொடர்பான வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது.

வியாசை கோல்கீப்பர் | புதன், இரவு 10.35

நன்றிண்ணா. 108 விஷயத்தை எங்க குரூப்பில் போட்டுவிட்டேன். அவனைச் சாயங்காலப் பிராக்டீஸுக்குத் திரும்பக் கூப்பிடலாமா? கிரவுண்டுக்குப் பின்னாடிதான் பசங்க ஊசி போடுவாங்க.

கல்மண்டபம் நர்ஸ் | புதன், இரவு 10.50

கூப்பிடுங்க தம்பி, ஆனால் நேரத்தை மாற்றுங்க. காலையில் ஆடுங்க. வீட்டிலிருந்து யாராவது கூட்டிக்கொண்டு வந்து திரும்ப விடட்டும். முதலில் சில மாதம் கையில் காசு குறைவாக இருப்பது நல்லது.

மின்ட் கணக்கு | வியாழன், காலை 11.00

பொருளே இல்லாத போதையும் இந்த இழையில் வருமா? என் தம்பி ஆன்லைன் ரம்மியில் நகை, வண்டி, சீட்டுப் பணம் எல்லாம் விட்டான். கடன்காரர்கள் கடை வாசலுக்கு வந்தார்கள். "இன்னொரு கை ஜெயிச்சா எல்லாத்தையும் அடைச்சிடுவேன்" என்பதை அவன் நிஜமாகவே நம்பினான். இதை நோய் என்பதா, பேராசை என்பதா?

மனநல மாணவன் | வியாழன், மதியம் 1.15

வரும் அண்ணா. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டில், சூதாட்ட நோயைக் குடி, ஹெராயின் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன் அது உணர்ச்சி உந்துதல் கோளாறுகளோடு வேறு இடத்தில் இருந்தது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ கேம் அடிமைத்தனமும் நோயாக இடம்பெற்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014லேயே செல்போன், இன்டர்நெட் பழக்கத்துக்குத் தனி கிளினிக் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் தம்பி சொன்ன "இன்னொரு கை" பற்றி 2009ல் லூக் கிளார்க் குழு மூளை ஸ்கேனில் பார்த்தது. மயிரிழையில் தோற்றால், ஜெயிக்கும்போது தூண்டப்படுகிற அதே பகுதிகளில் சில தூண்டப்படுகின்றன. தோற்றதுதான், ஆனால் மறுபடி ஆடத் தூண்டுகிறது. எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத ஆட்டத்தில்தான் பழக்கம் ஆழமாக வேரூன்றும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. தடை வந்தாலும் தம்பிக்கு இழுப்பு தானாகப் போய்விடாது. போன், யு.பி.ஐ., வங்கிக் கணக்கு மூன்றையும் சில மாதம் வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்வது நல்லது. கடன் நெருக்கும்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

எண்ணூர் ஷிப்ட் | வியாழன், இரவு 8.45

நான் குடித்து மீண்டவன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, தனியார் மையம் ஒன்றில் என்னை அடைத்து வைத்தார்கள். பெயர் வேண்டாம். டாக்டரே வரமாட்டார், எதிர்த்துப் பேசினால் அடி, வீட்டாரைப் பார்க்க விடமாட்டார்கள். வெளியே வந்ததும் கோபத்திலேயே குடித்தேன். குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மன பாதிப்புகளையும் உள்ளடக்கியது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். வீட்டார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் அங்கே விடாதீர்கள்.

இரண்டாவது, என்னை நிறுத்தியது கூட்டம். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டம் சென்னையில் தமிழிலேயே நிறைய நடக்கிறது, காசு கிடையாது. ஷிப்ட் முடிந்து கை அரிக்கிற நேரத்தில் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. டாஸ்மாக் போகிற அதே நேரத்துக்கு வேறு வாசல். ஆராய்ச்சியில் இதற்கு ஆதாரம் இருக்கிறதா தம்பி? நம்மாளுங்க இதைப் பஜனைக் கூட்டம் என்கிறார்கள்.

மனநல மாணவன் | வியாழன், இரவு 9.30

இருக்கிறது அண்ணா. 2020ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற ஆலோசனை முறைகளைவிட மேலாகவே வந்தது. எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் முயன்று பார்க்க வேண்டியது.

நம் ஊருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சேதி. 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கோவா ஆய்வு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த, ஆபத்தான அளவில் குடிக்கிற ஆண்களுக்கு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக ஆக்கினார்கள். அதிகபட்சம் நாலு சந்திப்பு. மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். மிகவும் முற்றிய அடிமைத்தனத்துக்கு இது போதாது. ஆய்விலேயே அவர்களைச் சேர்க்கவில்லை. முற்றுவதற்கு முன்னால் பிடிக்க இது வழி.

இது ஏன் முக்கியம் என்றால், எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்புப்படி நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், சுமார் 16 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். இத்தனை பேருக்கும் மனநல மருத்துவர் கிடைக்க மாட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டு வாசலுக்கு வருகிறார்களே, அதே மாதிரி டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒருவர் போய், முதல் மூன்று மாதம் பேசிவிட்டு வந்தால் எவ்வளவோ மாறும்.

பெரம்பூர் லோகோ | வியாழன், இரவு 9.50

பயிற்சி கொடுத்தால் உள்ளூர்க்காரர்களே செய்யலாம் என்றால் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே. எனக்கு நேரம் இருக்கிறது. யாரிடம் பெயர் கொடுப்பது?

கல்மண்டபம் நர்ஸ் | வியாழன், இரவு 10.05

ஐயா, உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறேன். எங்கள் பிரிவின் சமூகப் பணியாளரிடம் கேட்டுவிட்டு நாளையே சொல்கிறேன்.

லாஞ்ச் டிரைவர் | வியாழன், இரவு 10.20

சிஸ்டர், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் லாஞ்ச் எல்லாம் கரையில். வலை பின்னுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் பையன்கள் குடிக்கிறதுதான். அப்போ நீங்களும் அந்த டாக்டர் தம்பியும் ஒரு நாள் வந்து எங்க ஆட்களிடம் பேச முடியுமா? அந்த நடுக்கம், மூன்றாம் நாள் குழப்பம், இதெல்லாம் எல்லா டிரைவருக்கும் தெரியணும். எண்ணூர் அண்ணனும் வந்தால் அவர் பேச்சைப் பையன்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா?

எண்ணூர் ஷிப்ட் | வியாழன், இரவு 10.30

வருகிறேன் தம்பி. ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன்.

கல்மண்டபம் நர்ஸ் | வியாழன், இரவு 10.40

ஞாயிறு வேண்டாம் அண்ணா. அன்று மார்க்கெட்டில் மீன் வாங்க வருகிற கூட்டத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்கு வைப்போம், கடை திறப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம். வீட்டுப் பெண்களையும் வரச் சொல்லுங்கள். வலைக்கூடத்தில் நிழலும் ஒரு மேஜையும் இருந்தால் போதும். பிரஷர் பார்க்கும் கருவியும் பத்துக் கேள்வி கொண்ட குடிப் பரிசோதனைத் தாளும் நான் கொண்டு வருகிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் இங்கே போடுங்கள்.